ஏழு நாளில் என்ன சாப்பிட்டீர்கள்?

1

போன வாரம் கூரியரில் ஒரு கவர் வந்தது. உள்ளே கெட்டித் தாளில் ஒரு சான்றிதழ். அகதிகளுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில், பத்து வாரப் பொருளாதார ஆய்வுப் பயிற்சியை நான் நல்லபடியாக முடித்தேன் என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு நாற்பத்தாறு வயசு. என்னோடு பயிற்சிக்கு வந்தவர்களில் அடுத்த மூத்தவருக்கு இருபத்திரண்டு.

என் மகள் கீர்த்தி அதைப் போட்டோ எடுத்து எங்கேயோ போட்டுவிட்டு, "நிஜவா நீ இன்டர்னாம்மா? ஃபுல் காமெடி" என்று கன்னடம் கலந்த தமிழில் சிரித்தாள். என் வீட்டுக்காரர் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டலாம் என்கிறார். மாட்டவே கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நிற்கிறேன். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. கொளத்தூர், மேட்டூர் என்று எங்கள் ஊர்ப் பக்கமிருந்து இதைப் படிக்கிற உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது, ஏனென்றால் உங்கள் முகத்தை நான் பார்க்கப் போவதில்லை.

மைசூரு என்ன வெளிநாடா, புலம்பெயர்ந்தவள் என்றெல்லாம் எழுதுகிறாயே என்று என் அண்ணன் கேலி செய்வான். மாநில எல்லையில் பாலாறு செக்போஸ்ட்டைத் தாண்டி, மலையேறி இறங்கி, அரை நாள் பஸ்ஸில் வந்தால் நான் இருக்கிற ஊர். கடலைத் தாண்டவில்லைதான். ஆனால் ரேஷன் கார்டு செல்லாது, பஸ் போர்டு படிக்க வராது, கடைக்காரரிடம் கொத்தமல்லி கேட்க நாக்கு புரளாது என்றால் அந்த ஊருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? நான் வந்து இருபத்தொரு வருஷமாயிற்று. இப்போது கன்னடத்தில் சண்டையே போடுவேன். அப்படிச் சண்டை போட்டு முடித்த பிறகும் ஆட்டோக்காரர், "நீவு தமிழ்நாடா மேடம்?" என்று கேட்கத்தான் செய்கிறார்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போடுவான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"என்ன கண்ணு சாப்புட்ட?"

"கறிக்கொழம்புங்கண்ணா. எல்லாரும் இப்பத்தான் ஒண்ணா உக்காந்து சாப்புட்டோம்."

"அப்புடித்தான் இருக்கோணும்" என்று அவன் நிம்மதியாகப் போனை வைப்பான்.

2

பிளஸ் டூவோடு கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தவள் நான். கீர்த்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு தபாலில் பி.ஏ., பிறகு எம்.ஏ. பொருளாதாரம். கடைசி செமஸ்டரில் எங்காவது போய்க் களப்பயிற்சி எடுத்தால்தான் பட்டம் என்றார்கள். ஐந்து இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். ஓர் இடத்தில், "உங்க மகளுக்காகவா கேக்கறீங்க?" என்றார்கள். இன்னோர் இடத்தில் என் பிறந்த வருஷத்தைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்தியே வைத்துவிட்டார்கள்.

கடைசியில் எடுத்துக்கொண்டது இந்தத் தொண்டு நிறுவனம். ஒரு பழைய வாடகை வீடுதான் ஆபீஸ். எனக்கு மேலதிகாரி நவ்யா, வயசு இருபத்தேழு. மண்டியாக்காரப் பெண், சுறுசுறுப்பு. அவள் பேசுகிற கன்னடத்தை இங்கே தமிழில் தருகிறேன்.

"ஆன்ட்டி... சாரி, மேடம். நீங்க வந்தது எங்களுக்குத்தான் லாபம். எங்க பசங்க போனா வாசல்லயே நிக்க வெச்சுப் பதில் சொல்லி அனுப்பிடறாங்க. உங்கள மாதிரி ஒருத்தர் போனா சமையல்கட்டு வரைக்கும் விடுவாங்க."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மைசூரு பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த ஆப்கானிஸ்தான்காரர்கள் பலர், அங்கே ஆட்சி மாறிய பிறகு திரும்பிப் போக வழியில்லாமல் இங்கேயே தங்கிவிட்டார்கள். சிலர் குடும்பத்தோடு இருக்கிறார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு மாசாமாசம் ஒரு சாமான் பை போகும். அரிசி, கோதுமை மாவு, பருப்பு, எண்ணெய், பால் பவுடர். வருகிற பைகள் குறைந்துபோனதால், யாருக்கு அவசியம் தேவை, யாரை நிறுத்தலாம் என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் என் ஆய்வு.

வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். கடந்த ஏழு நாளில் என்ன சாப்பிட்டீர்கள்? அரிசி எத்தனை நாள், பருப்பு எத்தனை நாள், கறி, பால், பழம், பாதாம் திராட்சை போன்றவை எத்தனை நாள் என்று கட்டம் கட்டமாக நிரப்பிக் கூட்டினால் ஒரு எண் வரும். எண் பெரிதாக இருந்தால் நன்றாகச் சாப்பிடுகிற வீடு. சின்னதாக இருந்தால் கஷ்டப்படுகிற வீடு.

"சொல்றத மட்டும் எழுதாதீங்க மேடம். கண்ணால பாக்கறதையும் எழுதுங்க" என்றாள் நவ்யா. சரி என்று தலையாட்டினேன். கண்ணால் பார்த்ததை எழுதியதுதான் வினையாகப் போயிற்று.

3

மைசூருக்குள்ளேயே உதயகிரி என்ற பகுதியில் ஒரு ஒடுக்கமான கட்டடம். கீழே மளிகைக்கடை, மேலே மாடிக்கொன்றாக நாலு குடும்பம்.

முதல் மாடியில் ஃபரிதா. காபூலில் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சராக இருந்தவள். என்னைவிடப் பத்து வயசு சின்னவள். இரண்டு பிள்ளைகள். புருஷன் இங்கே எம்.பி.ஏ. முடித்துவிட்டு, இப்போது ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறான். ஃபரிதா சின்ன வயசில் பெஷாவரில் இருந்ததால் அவளுக்கு உருது வரும். எனக்கு டிவி சீரியல் பார்த்து வந்த இந்தி. இரண்டையும் வைத்து ஒப்பேற்றினோம்.

நான் உட்கார்ந்ததும் டீ வந்தது. கூடவே ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறையப் பாதாம், திராட்சை, சர்க்கரைப் பூச்சு போட்ட வெள்ளை மிட்டாய். வெள்ளைக்கு நடுவில் ஒரே ஒரு மிட்டாய் மட்டும் ரோஸ் நிறத்தில் இருந்தது. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கூப்பிட்டும் வரவில்லை. என்ன ஒழுக்கமாக வளர்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"பாதாம், திராட்சை எத்தனை நாள்?"

"தினமும்" என்றாள் ஃபரிதா, கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தியபடி. "எடுத்துக்கோங்க."

"கறி?"

"மூணு நாள். நாலு நாள்னும் வெச்சுக்கலாம்."

படிக்கட்டில் நின்று மீதிக் கட்டங்களை நிரப்பிவிட்டு இரண்டாம் மாடிக்குப் போனேன். அங்கேயும் டீ, கிண்ணம், பாதாம், நடுவில் ஒரு ரோஸ் மிட்டாய். "தினமும் சாப்பிடுவோம்." மறுபடி படிக்கட்டில் ஐந்து நிமிஷம். மூன்றாம் மாடியிலும் அதே உபசாரம். அங்கே எனக்குச் சபலம் தட்டிவிட்டது. அந்த ரோஸ் மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். ஏலக்காய் மணத்தோடு அருமையாக இருந்தது. நாலாம் மாடியில் கிண்ணம் வந்தபோது ரோஸ் மிட்டாய் இல்லை. அட, இங்கே இல்லையே என்று ஏமாந்தேன். அவ்வளவுதான் தோன்றியது எனக்கு, படித்த மேதைக்கு.

நாலு வீட்டுக்கும் பாதாம் நேரில் பார்க்கப்பட்டது, ஏழு நாள் என்று எழுதினேன். வயிறு நிறைய டீ குடித்துவிட்டு, நம் ஊரில்கூட இப்படி உபசரிக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

4

அடுத்த திங்கட்கிழமை ஆபீசில் கூட்டம். நவ்யா கம்ப்யூட்டரில் பட்டியலைக் காட்டினாள். நாலு வீட்டுக்கு எண் எக்கச்சக்கமாக இருந்தது.

"பாருங்க மேடம், உங்க கட்டடம்தான் டாப்பு. நம்ம வீட்லயே தினமும் யாரு பாதாம் சாப்பிடறாங்க? இந்த நாலு பேருக்கும் அடுத்த மாசத்துலேர்ந்து பையை நிறுத்திடலாம். வெள்ளிக்கிழமை லிஸ்ட் போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ரோஸ் மிட்டாய் ஞாபகம் வந்தது. மூன்று வீட்டில் ஒரே ஒரு ரோஸ் மிட்டாய். நான் தின்ற பிறகு நாலாவது வீட்டில் இல்லை. அடிப்பாவி, அது நாலு கிண்ணமல்ல, ஒரே கிண்ணம்! நான் படிக்கட்டில் நின்று கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, பின்பக்கத்து வழியாகவோ எப்படியோ அது எனக்கு முன்னால் மேலே போயிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் கதவோரம் நின்றது ஒழுக்கத்தால் அல்ல. அது அவர்கள் தொடக்கூடாத கிண்ணம்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஏனென்றால் இதே வேலையை நானே செய்திருக்கிறேன்.

மைசூருக்கு வந்த புதிதில் ரேஷன் கார்டுக்கு எழுதிப் போட்டோம். கொளத்தூரில் பெயர் நீக்கிய தாள் வேண்டும், வாடகை ரசீது வேண்டும், வீட்டு ஓனர் கையெழுத்து வேண்டும் என்று எட்டு மாசம் இழுத்தடித்து, ஒரு நாள் விசாரணைக்கு ஆள் வந்தார். வீட்டில் பாய் மட்டும்தான் இருந்தது. ஆபீசரைப் பாயில் உட்காரச் சொல்வதா? பக்கத்து வீட்டில் இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டேன். எதிர்வீட்டில் வெள்ளி டம்ளர் வாங்கி அதில் காபி கொடுத்தேன். தட்டு நிறைய முறுக்கு. மனுஷர் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டு, வசதியான குடும்பம் என்று எழுதிக்கொண்டு போனார். ஏழைக்கு வருகிற அரிசி எங்களுக்கு வரவில்லை. அவர் மேல் தப்பே கிடையாது. நான்தான் வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தேன்.

கூட்டம் முடிந்ததும் நவ்யாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது.

"மேடம், நான் நம்பறேன். ஆனா உங்க ஊகத்த வெச்சு நான் எண்ணை மாத்த முடியாது. அவங்களே வாயால சொல்லணும். வியாழக்கிழமைக்குள்ள போய் மறுபடி கேட்டுட்டு வாங்க. இன்னொண்ணு, இது உங்க ரிப்போர்ட்ல பிழைன்னு வரும். மார்க் குறையும்."

"மார்க் கெடக்கட்டும்மா" என்றேன். அது பொய். மார்க் எனக்கு முக்கியம்தான். ஆனால் நாலு வீட்டுச் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு வாங்கிய மார்க்கை என்ன செய்வது?

5

வியாழக்கிழமை போனேன். ஃபரிதா கதவைத் திறந்ததும் என் கையிலிருந்த ஃபைலைத்தான் பார்த்தாள்.

"மறுபடியும் கேள்வியா?"

"போன தடவை எழுதுனது சரியான்னு பாக்கணும். பாதாம், திராட்சை தினமும்னு சொன்னீங்க..."

"தினமும்தான்."

"கறி நாலு நாள்?"

"நாலு நாள்." இரும்பாட்டம் உட்கார்ந்திருந்தாள்.

நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். "இந்தக் கணக்க வெச்சுத்தான் பை வரும், வராதுன்னு முடிவு பண்றாங்க. இப்படியே போச்சுன்னா அடுத்த மாசத்துலேர்ந்து உங்க நாலு வீட்டுக்கும் வராது."

டீ ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "வராட்டிப் போகட்டும்" என்றாள். "வீட்டுக்கு வந்தவங்ககிட்ட எங்ககிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்ற பழக்கம் எங்களுக்குக் கிடையாது."

"நான் விருந்தாளி இல்ல ஃபரிதா. நான் இன்டர்ன்."

"எங்க வாசல்படி தாண்டினா விருந்தாளிதான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என்னுடைய கோபத்தைப் பற்றி உங்களில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். "உங்க வீம்புக்குப் பிள்ளைங்கள பட்டினி போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்து வைத்தாள். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் நாளைக்கு லிஸ்ட் போய்விடும். வெட்கம் மானத்தை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவள் கதவருகே நின்றபடியே கேட்டாள்.

"சரி, நீங்க மொதல்ல சொல்லுங்க. நேத்து ராத்திரி உங்க வீட்ல என்ன சாப்பாடு?"

"சாதம், சாம்பார், பீன்ஸ் பொரியல்." யோசிக்காமலே வந்தது.

"யார் யார் சாப்பிட்டீங்க?"

"எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான்."

அவள் டீச்சர். காப்பியடித்த வீட்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். "எல்லாரும்னா?" என்றாள்.

என்னால் அந்தப் பார்வைக்கு முன்னால் மேற்கொண்டு இழுக்க முடியவில்லை.

"நேத்து நான் சமைக்கவே இல்ல" என்றேன். "அவருக்கு ரெண்டாவது ஷிப்ட். கேன்டீன்லயே சாப்பிட்டுடுவாரு. பொண்ணு எனக்குச் சாப்பாடு வேணாம், ஊட்டா பேடான்னுட்டு நூடுல்ஸ் வரவழைச்சு, ரூமுக்குள்ள கொண்டுபோய்க் கதவச் சாத்திக்கிட்டா. நான் காலைல மிஞ்சுன ரெண்டு இட்லிய அடுப்படில நின்னுக்கிட்டே தின்னேன். தட்டு கூட எடுக்கல."

"முந்தாநாள்?"

"அதேதான். என்ன, இட்லிக்குப் பதிலா தோசை."

"அதுக்கு முன்னாடி?"

எங்கள் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு நிஜமாகவே ஞாபகம் வரவில்லை. என் மகள் என்னோடு பேசுகிற தமிழில் பாதி கன்னடம், மீதி இங்கிலீஷ், அதுவும் கதவுக்குப் பின்னாலிருந்து. இதையெல்லாம் ஓட்டை இந்தியில் எப்படிச் சொன்னேனோ தெரியாது. "எங்கண்ணன் ஞாயித்துக்கிழமையானா கேப்பாரு. கறிக்கொழம்பு, ஒண்ணா உக்காந்தோம்னு வருஷக்கணக்கா பொய் சொல்றேன்" என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. ஆய்வு செய்ய வந்த இன்டர்ன், ஆய்வு செய்யப்படுகிறவள் வீட்டில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஃபரிதா கதவைச் சாத்தினாள். பிள்ளைகளை உள்ளறைக்கு அனுப்பினாள். எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எழுதிக்கோங்க" என்றாள்.

நாள் நாளாகச் சொன்னாள். வகுப்பில் கணக்குச் சொல்கிற குரல். "புதன்கிழமை ரொட்டி, டீ. செவ்வாய் ரொட்டி, உருளைக்கிழங்கு. திங்கள் ரொட்டி, டீ. ஞாயிறு பேக்கரில மிஞ்சின பன்னு அவர் கொண்டுவந்தார்..."

"கறி?"

"பெருநாளைக்கு."

"பால்?"

"சின்னவனுக்கு மட்டும், உங்க பையில வர்ற பவுடர். எங்களுக்கு இல்ல."

"பாதாம்?"

"சைபர்" என்றாள். பிறகு, "கிண்ணம் ரெண்டாவது மாடி வீட்டோடது. விருந்தாளி வந்தா மட்டும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

நான் கூட்டி முடித்ததும் தாளை வாங்கிப் பார்த்து, "தப்பாக் கூட்டியிருக்கீங்க" என்று பேனாவைப் பிடுங்கித் திருத்தினாள். எண் இன்னும் இரண்டு குறைந்தது. பொருளாதாரம் எம்.ஏ. என்று நான் அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

மற்ற மூன்று வீட்டுக்கும் அவளே என்னோடு மாடியேறி வந்தாள். கதவைத் தட்டி, அவர்கள் மொழியில் இரண்டு நிமிஷம் பேசினாள். ஒரு வீட்டில் சத்தம் போட்டார்கள், அவள் பதிலுக்குச் சத்தம் போட்டாள். பிறகு மூன்று வீட்டுக்காரர்களும் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளதைச் சொன்னார்கள். யாரும் டீ கொடுக்கவில்லை.

6

வெள்ளிக்கிழமை போன லிஸ்ட்டில் நாலு வீடும் இருந்தது. என் ரிப்போர்ட்டில் மார்க் குறைந்தது. நவ்யா கேள்வித்தாளில் புதிதாக ஒரு வரி சேர்த்தாள். கேள்வி கேட்கப் போகிறவருக்கு எடுத்து வைக்கிற பண்டத்தை அந்த வீட்டு உணவாக எழுதக் கூடாது என்று.

பயிற்சி முடிந்து ஒரு மாசம் கழித்து, ஒரு மத்தியானம் உதயகிரிக்குப் போனேன். போகலாமா, கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். என்னைக் கண்டாலே அவளுக்கு அன்றைக்குச் சொன்னதெல்லாம் ஞாபகம் வருமே என்று தயக்கம். எதிரே வராமல் நான் ஒதுங்கிவிட்டால் அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி என்றுகூட நினைத்தேன்.

"ஃபைல் எங்க?" என்றாள் ஃபரிதா.

"இல்ல. சும்மாதான் வந்தேன்."

வழிவிட்டாள். நான் உட்கார்ந்தேன். அவள் பாட்டுக்குத் தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். தன் மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் கன்னடத்தில் முதல் மார்க் வாங்கியதைச் சொன்னாள், ஆனால் வீட்டுப் பேச்சு மறந்துகொண்டே வருகிறது என்று நொந்துகொண்டாள். கீர்த்தியைப் பற்றிக் கேட்டாள். பத்து நிமிஷமாயிற்று, பதினைந்து நிமிஷமாயிற்று, அவள் எழுந்திருக்கவே இல்லை. வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாதா என்று எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. சரி, இவளுக்கு என் மேல் கோபம் தீரவில்லை, கிளம்புவோம் என்று செருப்பைப் பார்த்தேன்.

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள்.

"டீத்தூள் தீந்துபோச்சு. சர்க்கரையும் இல்ல. கீழ கடைல வாங்கிட்டு வா, போடறேன்."

இருபத்தொரு வருஷமாக இந்த ஊரில் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். நல்ல மனுஷர்கள். தட்டில் வைத்து, தாம்பூலம் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் இல்லை, நீ போய் வாங்கிக்கொண்டு வா என்று ஒருத்திகூட என்னிடம் சொன்னதில்லை. கண் கலங்கியதை அவள் பார்த்துவிடக் கூடாதென்று வேகமாக எழுந்துவிட்டேன்.

"எந்த டீத்தூள்?" என்று படியிலிருந்து கத்தினேன்.

"சின்ன பாக்கெட். ஏமாத்துவான், விலையப் பாத்து வாங்கு" என்று அவள் உள்ளிருந்து கத்தினாள்.

வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். அவள் அதற்குள் தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தாள்.